கடலோர வீட்டுத் தோட்டத்தில் தேனீ வளர்ப்பு

வீட்டுக் கொல்லையிலோ தோட்டத்திலோ ஒன்றிரண்டு மரப்பெட்டிகளில் தேனீக் குடும்பங்களை வைத்துப் பராமரிப்பதே வீட்டுத் தேனீ வளர்ப்பு. இக்கட்டுரை செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தை, குறிப்பாகக் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலுள்ள திருவிடந்தைச் சுற்றுப்புறத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. தமிழில் கிடைக்கும் தேனீ வளர்ப்புக் குறிப்புகள் பலவும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களுக்கும் பொருந்துபவை. மணலும் உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் உள்ள இந்தக் கரைக்கு அவற்றைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் எல்லாரும் முதலில் கேட்பது, "ஒரு பெட்டியில் எத்தனை கிலோ தேன் கிடைக்கும்?" என்பதுதான். முதல் ஆண்டில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வருகிற தை மாதம் பெட்டியில் தேனீ இருக்குமா?

எந்தத் தேனீயை வளர்க்கலாம்

நம் பகுதியில் காணும் தேனீக்களில் மலைத்தேனீ உயர்ந்த மரக்கிளையிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் ஒரே பெரிய அடையாகக் கூடு கட்டும். கொம்புத்தேனீ புதரில் ஒரு சிறு குச்சியைச் சுற்றி உள்ளங்கை அளவு அடை கட்டும். இருளர்கள் முள்காடுகளில் தேடி எடுப்பதில் இதுவும் ஒன்று. இவ்விரண்டும் வெளிச்சத்தில் வாழ்பவை, பெட்டிக்குள் அடங்கா.

மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டுவது அடுக்குத் தேனீ. இதன் அறிவியல் பெயர் ஏபிஸ் செரானா. இருட்டில் வாழப் பழகியது என்பதால் பெட்டியை ஏற்றுக்கொள்ளும். வீட்டுக்கு ஏற்றது இதுவே. 1960களில் வட இந்தியாவில் வெற்றிகரமாக நிலைபெறச் செய்யப்பட்ட இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தரும். ஆனால் அதற்குப் பூக்காடு ஏக்கர் கணக்கில் வேண்டும். பூக்கும் இடம் தேடிப் பெட்டிகளை லாரியில் ஏற்றிச் செல்பவர்களுக்கே அது கட்டுப்படியாகும். கொட்டாத கொசுத்தேனீயைச் சிறு பானையிலும் வளர்க்கலாம். தேன் மிகக் குறைவு. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அதிலிருந்து தொடங்குவதும் நல்லதுதான்.

அடுக்குத் தேனீக்கு ஏற்ற பெட்டி நூறாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலேயே உருவானது. திருச்சிராப்பள்ளியில் இருந்த இயேசு சபைத் துறவி நியூட்டன் 1910களில் வடிவமைத்த பெட்டி இன்றும் அவர் பெயராலேயே விற்கிறது. அதன்பின் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமச் சீரமைப்பு நிலையத்தின் வழியாக இத்தொழில் குமரி மாவட்டக் குடும்பங்களுக்குப் பரவியது. 1991-92இல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. பலர் பெட்டிகளைப் பரணில் போட்டுவிட்டுத் தொழிலை விட்டார்கள். தப்பிப் பிழைத்த குடும்பங்களின் வழிவந்தவையே இப்போது நமக்குக் கிடைப்பவை.

கூட்டைவிட்டு ஓடுதல்

அடுக்குத் தேனீயின் பெரிய குணம் (குறை என்று சொல்ல மனம் வரவில்லை) இடம் பிடிக்கவில்லையென்றால் ஒட்டுமொத்தமாகக் கிளம்பிவிடுவது. இதைக் குடும்பம் பிரிதலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தை முதல் பங்குனி வரை பூ மிகுந்த காலத்தில், கூட்டம் பெருகி, பழைய ராணி ஒரு பகுதித் தேனீக்களோடு வெளியேறுவது பிரிதல். அப்போது அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போலத் தொங்கும் ராணி அறைகளைக் காணலாம். மீதிக் குடும்பம் பெட்டியில் இருக்கும். ஓடுதலில் எதுவும் மிஞ்சாது. பசி, எறும்பு, அந்துப்பூச்சி, வெப்பம், அடிக்கடி திறந்து பார்க்கும் மனிதர் ஆகியவையே காரணங்கள்.

என் முதல் பெட்டி புரட்டாசியில் வந்தது. பணி ஓய்வு பெற்ற ஆர்வத்தில் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டவென்று நாள்தோறும் திறந்தேன். கால்களுக்குக் கிண்ணம் வைக்கவில்லை. கார்த்திகை முதல் வாரம் மழை விட்ட ஒரு காலையில் பார்த்தால் அடை இருந்தது, தேனீ இல்லை. முட்டையும் இல்லை, புழுவும் இல்லை, ஒரு சொட்டுத் தேனும் இல்லை. அவை பல நாள் முன்பே முடிவெடுத்துவிட்டிருந்தன. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

அந்த அறிகுறிகள் இவை: மகரந்த உருண்டையோடு திரும்பும் தேனீக்கள் குறையும். ராணி முட்டையிடுவதை நிறுத்தும். சேமித்த தேன் தீரும். இருக்கும் புழுக்கள் பொரிந்து முடிந்ததும் குடும்பம் புறப்படும். புழு உள்ள அடையை விட்டுத் தேனீக்கள் எளிதில் போவதில்லை. ஆகவே ஓடப்போவதாகச் சந்தேகம் வந்தால் மாலையில் சர்க்கரைப்பாகு கொடுங்கள். இரண்டாவது பெட்டி இருந்தால், அது நோயற்றது என உறுதி செய்துகொண்டு அதிலிருந்து புழு அடை ஒன்றை எடுத்து வையுங்கள். இரண்டு பெட்டிகளாகத் தொடங்குவது நல்லது என்பதற்கு முதற்காரணம் இதுவே.

இக்கரையின் பூக்காலம்

பெட்டி வாங்கும் முன் ஓராண்டு பூக்களைக் குறித்து வையுங்கள். தேனீ சாதாரணமாக ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இரை தேடும். உங்கள் வேலிக்குள் இருப்பது மட்டும் கணக்கல்ல.

தை, மாசியில் மாவும் முந்திரியும் பூக்கும். மாசி, பங்குனியில் நாவலும் முருங்கையும். பங்குனி, சித்திரையில் புங்கமும் வேம்பும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ பொறுக்கும் நேரமே இங்கே தேன்வரத்தின் உச்சம். புளியமரம் அதன்பின் தொடரும். தென்னை ஆண்டு முழுவதும் பாளை விட்டுக்கொண்டிருப்பதால் மகரந்தத்துக்குக் கைகொடுக்கும். வீட்டில் பூசணி, பாகல், சுரை போட்டிருந்தால் இரு பக்கமும் நன்மை: தேனீக்கு இரை, உங்களுக்குக் காய். இவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. மகரந்தத்தைக் கொண்டுசேர்க்க ஆள் இல்லாவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும்.

ஏமாற்றும் பசுமை ஒன்று உண்டு. அது சவுக்குத் தோப்பு. கரை நெடுகப் பச்சையாகத் தெரியும். ஆனால் சவுக்கு காற்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் மரம். அதன் பூவில் தேன் இல்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பளம், நடுவில் சவுக்கு என்று அமைந்த மனையில் பெட்டி வைத்தால் தேனீ பட்டினி கிடக்கும். அத்தகைய இடத்தில் முதலில் புங்கமும் முருங்கையும் நட்டு, தேனீயைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதே முறை.

இடமும் வாசலும்

பெட்டியின் வாசல் கிழக்கு பார்த்திருக்க வேண்டும், காலை வெயில் பட்டால் தேனீ சீக்கிரம் வேலைக்குக் கிளம்பும் என்று எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றன. இங்கே கிழக்கில்தான் கடல் இருக்கிறது. கோடையில் பிற்பகல் கடற்காற்றும் ஐப்பசியில் வாடைச் சாரலும் நேராக வாசலில் அடிக்கும். வாசலுக்கு ஆறேழு அடி எதிரே வேலியோ சுவரோ இருந்தால் கிழக்கே வைக்கலாம். தேனீக்கள் வேலிக்கு மேலே ஏறிப் பறக்கும் என்பதால் நடந்து செல்வோர் முகத்தில் மோதுவதும் குறையும். மறைப்பு இல்லையென்றால் வாசலைத் தெற்கே திருப்புங்கள்.

தென்னை நிழல் போதும், ஆனால் குலைக்கு நேர்கீழே வேண்டாம். பெட்டி முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால் உள்ளே புகுந்த மழைநீர் வடியும். தாங்கியின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் அந்த நீர் ஒரே நாளில் வற்றும், தினமும் பாருங்கள். ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் வைத்தால் தேனீக்கள் அண்டை வீட்டுக் குழாயடிக்குப் போகா. அண்டை வீட்டாரின் சம்மதம் பெட்டிக்கு முன்பே வாங்க வேண்டிய பொருள்.

பெட்டி வாங்குதலும் திறந்து பார்த்தலும்

நியூட்டன் பெட்டியில் அடித்தட்டு, புழு அறை, தேன் அறை, உள்மூடி, மேல்மூடி ஆகியவை உண்டு. புழு அறையில் ஏழு சட்டங்கள். தை மாதம் வாங்குங்கள், புரட்டாசியில் வேண்டாம். வாங்கும்போது ஒரு சட்டத்தைத் தூக்கி வெயிலுக்குக் காட்டச் சொல்லுங்கள். அறைகளின் அடியில் ஊசிமுனைபோல் வெள்ளை முட்டை தெரிந்தால் ராணி இருக்கிறது என்று பொருள். முட்டை தெரியாத பெட்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரவில் வாசலை வலையால் அடைத்துக் கொண்டுவந்து, வைத்த இடத்தில் மறுநாள் காலை திறக்கலாம். அதன்பின் பெட்டியைச் சில அடி நகர்த்தினாலும் இரை தேடிப் போனவை பழைய இடத்துக்கே திரும்பித் தவிக்கும்.

வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை திறந்தால் போதும். காற்று அடங்கிய காலை நேரத்தில், முகவலை அணிந்து, பக்கவாட்டில் நின்று, சிறிது புகை காட்டிவிட்டுத் திறக்க வேண்டும். மல்லிகைப்பூவும் வாசனைத் தைலமும் அன்று வேண்டாம். முட்டை, புழு, மகரந்தம், தேன் நான்கும் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள். ராணியை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்பதில்லை.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரும்பாலான பெட்டிகள் காலியாகின்றன. பூ இல்லை, இருந்தாலும் மழையில் பறக்க முடியாது. வாரம் இருமுறை சர்க்கரையையும் கொதித்து ஆறிய நீரையும் சம அளவு கலந்து, இருட்டும் வேளையில், பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கொட்டாங்கச்சியில் ஊற்றிச் சிறு குச்சிகளை மிதக்கவிட்டால் தேனீ மூழ்காது. வெளியே சிந்தினால் எறும்பும் அயல் தேனீயும் கொள்ளைக்கு வரும். வெல்லம், கருப்பட்டி கொடுக்காதீர்கள். தேனீக்கு வயிற்றுப்போக்கு வரும். கடைத் தேன் நோயைக் கொண்டுவரலாம்.

இம்மாதங்களில் தேன் அறையை எடுத்துவிட்டு, தேனீ மூடாத வெற்றடைகளையும் அகற்றுங்கள். ஆளில்லாத அடையில்தான் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். நூலாம்படைபோல் இழை தெரிந்தால் அது வந்துவிட்டது. புயல் எச்சரிக்கை வந்தால் பெட்டியைத் தாங்கியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, மேல்மூடியில் இரண்டு செங்கல் வையுங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது.

சாக்புரூட் நோய்க்கு இன்றும் மருந்தில்லை. நோயுற்ற புழு மூடிய அறைக்குள் நீர் நிறைந்த பைபோல் இறந்து கிடக்கும். அந்தப் பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள், கருவிகளைக் கழுவுங்கள். கொசுமருந்துப் புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் தேனீக்கள் உள்ளே அடங்கிய நேரத்தில் வாசலை வலையால் அடைத்து, ஈரச் சாக்கால் தளர்வாக மூடி, புகை கலைந்ததும் திறந்துவிடுங்கள்.

கொட்டினால்

கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். வலியும் வீக்கமும் இயல்பு. மூச்சுத் திணறல், முகவீக்கம், உடலெங்கும் தடிப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் சுண்ணாம்பு தடவிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அது ஒவ்வாமை, உயிருக்கு ஆபத்து. முன்பு அப்படி நேர்ந்தவர்கள் தேனீ வளர்க்கக் கூடாது.

தேன் எடுத்தல்

புழு அறையில் உள்ள தேன் தேனீயுடையது. தேன் அறைச் சட்டத்தில் முக்கால் பங்கு அறைகள் மெழுகால் மூடப்பட்ட பிறகே எடுக்க வேண்டும். மூடாத தேனில் நீர் மிகுதி. சில வாரங்களில் நுரைத்துப் புளிக்கும், இந்தக் கரையின் ஈரக்காற்றில் இன்னும் விரைவாக. சுழற்றி எடுக்கும் கருவியைப் பயன்படுத்தினால் அடை உடையாது. அதையே திரும்ப வைத்தால் தேனீ புதிதாக மெழுகு சுரக்க வேண்டியதில்லை. வைகாசிக்குப் பின் கடைசி எடுப்பில் பாதியை விட்டுவிடுவது என் வழக்கம். ஐப்பசியில் சர்க்கரைச் செலவு குறையும்.

வடிகட்டிய தேனை உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் வைக்கவும். சில மாதங்களில் அடியில் உறைந்தால் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். தூய தேனும் உறையும், வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்தால் இளகும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குச் சேனை வைக்கவும் இத்தேனைத் தொட்டு வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்ததாயினும் இது மாறாது.