மஹய்யாவக் கல்லறை கற்பிக்கும் பாடம்



கண்டி மாநகரின் வடபால், கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வழியில் மஹய்யாவ என்னும் பகுதி இருக்கின்றது. அங்குள்ள மயானத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்பாரின் கல்லறை உண்டு. இந்நாட்டுத் தேயிலைத் தொழிலின் முன்னோடி இவர் என அக்கல் கூறுகின்றது. தொழில் நடத்துவோர்க்கான கல்வியைப் பற்றி இன்று பேச வந்த நான், அக்கல்லறையிலிருந்தே தொடங்க விரும்புகின்றேன்.

அதற்குக் காரணமானவர் என் பழைய மாணவர் ஒருவர். கிராமங்களில் மிளகும் கிராம்பும் வாங்கி, துப்புரவு செய்து, கொழும்பு வியாபாரி ஒருவருக்கு அனுப்பி வந்தார். பதினைந்து ஆண்டுகள் தொழில் செவ்வனே நடந்தது. ஒருநாள் அந்த வியாபாரி கொள்வனவை நிறுத்திவிட்டார். மூட்டைகள் தேங்கின, அவரிடம் வேலை பார்த்த ஆறு பெண்களும் வருமானம் இழந்தனர். மாலை நேர முகாமைத்துவ வகுப்பொன்றிற் சேருமாறு அவருக்கு நான் கூறினேன். "நாற்பத்தைந்து வயதில் இனி என்ன படிப்பு, சேர்? வியாபாரத்தைப் புத்தகத்திலா கற்பது?" என்றார் அவர். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையை நாம் வாழும் இம்மலைநாட்டின் வரலாறே தருகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டி மலைகளின் செல்வம் கோப்பியாக இருந்தது. டெயிலர் 1852ஆம் ஆண்டில், 16 வயது இளைஞராக ஸ்கொட்லாந்திலிருந்து வந்து, லூல்கந்துரத் தோட்டத்திற் பணிபுரிந்தார். 1867ஆம் ஆண்டில் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இந்த ஆண்டை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். கோப்பி இலைகளை அழித்த நோய் இந்நாட்டிற் கண்டறியப்பட்டது 1869ஆம் ஆண்டிலேதான். கோப்பி நல்ல இலாபம் தந்து கொண்டிருந்த காலத்திலேயே அதற்கு மாற்றான பயிரொன்று பரீட்சிக்கப்பட்டுவிட்டது.

நோய் தோன்றிய பின்னர் ஏனைய தோட்டத்துரைமார் யாது செய்தனர்? 1870களிற் கோப்பியின் விலை உயர்ந்தது. விளைச்சல் குறைந்தாலும் பணப்பெட்டி நிறைந்தது. ஆதலின் பலர் மேலும் காடழித்துக் கோப்பியையே நட்டனர். உயர்ந்த விலை, அடியில் இருந்த நோயை மறைத்தது. அப்பத்தாண்டின் முடிவில் வீழ்ச்சி தொடங்கியபோது தோட்டங்கள் கைமாறின. பலர் அனைத்தையும் இழந்தனர். தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் 1884ஆம் ஆண்டில் முறிந்தது.

இவ்வரலாற்றில் மூன்று பண்புகளைப் பிரித்தறியலாம். முதலாவது புத்தாக்கம். புதிய பொருளையோ புதிய முறையையோ செய்து பார்த்து, பயன்படும் நிலைக்குக் கொணர்தல் அது. டெயிலரின் முதல் தொழிற்சாலை அவருடைய பங்களாவின் விறாந்தையே. கொழுந்தை மேசைமீது கையால் உருட்டி, கரியடுப்பிற் காய வைத்தனர். 1872ஆம் ஆண்டளவில் உருட்டும் பொறியுடன் கூடிய தொழிற்சாலை எழுந்தது. அடுத்த ஆண்டில் இலண்டனுக்கு 23 இறாத்தல் தேயிலை சென்றது. இவற்றையெல்லாம் டெயிலர் தனியொருவராகச் செய்தாரல்லர். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் கைகளே அக்கொழுந்தைப் பறித்தன. அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

இரண்டாவது முயற்சியாண்மை. ஒரு வாய்ப்பைக் கண்டு, முதலையும் ஆட்களையும் திரட்டி, நட்டத்திற்கும் தானே பொறுப்பேற்றுத் தொழில் அமைத்தல் அது. மூன்றாவது வணிக உபாயம். எதை, யாருக்கு, எவ்வழியில் விற்பது, எதைச் செய்யாது விடுவது என முன்கூட்டித் தெளிதல் அது. இவ்விரண்டிற்கும் தோமஸ் லிப்டன் உதாரணமாவார். கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடை தொடங்கி, பல ஊர்களிற் கிளைகள் நிறுவிய அவர், 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரைத் தவிர்த்தார், நிறுத்துப் பொதி செய்த தேயிலையைத் தம் பெயரிட்டுக் குறைந்த விலைக்கு விற்றார். தேயிலையை உருவாக்கியவர் வேறொருவர்; அதைக் குடிப்பவரின் வீட்டு வாசலை அறிந்தவர் லிப்டன்.

டெயிலரின் முடிவு யாது? அவர் இறுதிவரை சம்பளம் பெறும் துரையாகவே இருந்தார். 1892ஆம் ஆண்டிற் பதவி விலகுமாறு பணிக்கப்பட்டார். தோட்டத்தை விட்டு நீங்க மறுத்த அவர், அவ்வாண்டு மே மாதம் 2ஆம் திகதி வயிற்றுளைவு நோயால் அங்கேயே மாண்டார். தொழிலாளர்கள் அவருடைய உடலைக் கண்டி வரை சுமந்து வந்தனர். நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய ஒருவர், தம் பதவியைக் காக்க இயலாது போனார். புத்தாக்கம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

என் மாணவரின் கேள்விக்கு இனி வருவோம். அனுபவம் சிறந்த ஆசிரியர்தான். ஆயினும் அது வாங்கும் கட்டணம் மிக அதிகம். கோப்பித் துரைமார் அக்கட்டணத்தைத் தம் தோட்டங்களால் செலுத்தினர். பிறருடைய அனுபவத்தைக் குறைந்த செலவிற் கற்றுக்கொள்ளும் வழியே நிறைவேற்று அதிகாரிகளுக்கான கல்வி எனலாம். 1908ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஹார்வர்ட் வணிகக் கல்லூரி இதற்கு ஒரு முறை வகுத்தது. உண்மையில் நிகழ்ந்த ஒரு தொழிலின் வரலாற்றை மாணவர் கையிற் கொடுத்து, "அந்த இடத்தில் நீர் இருந்தால் யாது செய்வீர்?" எனக் கேட்பதே அம்முறை. ஆசிரியர் விடை கூறார். பணியனுபவம் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் வாதித்துத் தெளிவர். 1945ஆம் ஆண்டு முதல் உயர் அதிகாரிகளுக்கென அங்கே தனிப் பாடநெறியும் நடைபெறலாயிற்று.

இந்தியாவில் ஹைதராபாத்திலுள்ள நிர்வாகப் பணியாளர் கல்லூரி 1956ஆம் ஆண்டிலும், அகமதாபாத், கல்கத்தா முகாமைத்துவ நிறுவனங்கள் 1961ஆம் ஆண்டிலும் தோன்றின. நம் நாட்டில் 1968ஆம் ஆண்டிற் சிறிதாகத் தொடங்கிய நிலையமொன்று, பின்னர் தேசிய வணிக முகாமைத்துவ நிறுவகமாக வளர்ந்தது. கண்டியிலும் அதற்குக் கிளை உண்டு. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகம் 1986ஆம் ஆண்டில் அமைந்தது.

இக்கல்வி பெருங்கம்பனி அதிபர்க்கே உரியது என்று எண்ணுதல் தவறு. கடைக்காரர், தையற்கூடம் நடத்துவோர், கூட்டுறவுச் சங்க முகாமையாளர், ஏன், பாடசாலை அதிபர்களாகிய எங்களுக்கும் அது வேண்டும். சிறப்பாக மலையகத் தமிழ் மக்களுக்கு வேண்டும். ஐந்து தலைமுறைகளாகப் பிறர் வகுத்த திட்டத்திற்கு உழைத்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு உத்தியோகம் தேடக் கற்பித்தோம்; உத்தியோகம் உண்டாக்கக் கற்பித்தோமா? முப்பதாண்டுகள் ஆசிரியப் பணி செய்த நான் இக்கேள்வியை என்னிடமே முதலிற் கேட்டுக்கொள்கின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாணவரை அக்கல்லறைக்கு அழைத்துச் சென்று, இவ்வரலாற்றைக் கூறினேன். நெடுநேரம் மௌனமாயிருந்த அவர், "பதினைந்து வருஷம் ஒரே ஆளுக்குத்தான் விற்றேன், சேர். என் மிளகை யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை" என்றார். நான் சொல்லக் கருதியதை அவரே சொல்லிவிட்டார்.

இப்பொழுது அவர் வார இறுதி வகுப்புக்குச் செல்கின்றார். மிளகைச் சிறு பொதிகளாக்கி, கண்டியிலுள்ள மூன்று கடைகளுக்கு நேரே கொடுக்கின்றார். ஆறு பெண்களில் நால்வர் மீண்டும் வேலைக்கு வந்துவிட்டனர். ஏனைய இருவரையும் அழைப்பதற்கு இன்னும் எத்தனை கடைகள் வேண்டும் என்பதே அவர் இவ்வாரம் வகுப்பிற்குக் கொண்டு சென்ற கணக்கு.