மலத்தின் நிறத்தைப் பாருங்கள்

எம்.கே.பி. நகரில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் தெருவே யோசனை சொல்லும். கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடி, எண்ணெய் சேர்க்காதே, மந்திரித்துக்கொள். மலம் என்ன நிறத்தில் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று.

ரத்தத்தில் பிறக்கும் நிறமி

ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். வயதான அணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் உடைக்கும்போது, ஹீமோகுளோபினில் உள்ள ‘ஹீம்’ வளையத்தை ஒரு நொதி வெட்டித் திறக்கிறது. இரும்பு சேமிப்புக்குப் போகிறது. சிறிதளவு கார்பன் மோனாக்சைடு மூச்சில் வெளியேறுகிறது. மிஞ்சுவது பச்சை நிற பிலிவெர்டின். இன்னொரு நொதி அதை மஞ்சள் நிற பிலிருபின் ஆக்குகிறது. முட்டியில் அடிபட்ட இடம் கன்றி, பச்சையாகி, மஞ்சளாகி மறைகிறதே, அது இதே வேதிவினைதான். நாளொன்றுக்கு 250 முதல் 350 மில்லிகிராம் பிலிருபின் இப்படி உருவாகிறது.

கல்லீரலைத் தாண்டி

பிலிருபின் தண்ணீரில் கரையாது. ரத்தத்திலுள்ள ஆல்புமின்தான் கல்லீரலுக்குச் சுமந்து போகிறது. அங்கே குளுகுரோனிக் அமிலம் சேர்ந்து, கரையக்கூடியதாகிப் பித்தநீரோடு குடலுக்கு இறங்குகிறது. குடல் பாக்டீரியாக்கள் அதை யூரோபிலினோஜன் ஆக்குகின்றன. அதற்கான நொதி 2024-ல்தான் கண்டறியப்பட்டது. அதிலிருந்து வருவதுதான் மலத்தின் பழுப்பும் சிறுநீரின் இளமஞ்சளும்.

எங்கே அடைப்பு?

மலம் வெளுத்து, சிறுநீர் கட்டங்காப்பி போலப் போனால், பித்தம் குடலுக்கு வரவில்லை என்று பொருள். பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ இருக்கலாம். கீழாநெல்லி அதை நகர்த்தாது. கழிவுநீர் கலந்த குடிநீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே தணிந்துவிடும். மூலிகைக்குப் பேர் கிடைப்பது அதனால்தான். ஆனால் கர்ப்பிணிக்கு இ வகை வந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பச்சைக்குழந்தைக்கு வந்தால்

பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளில் லேசாக மஞ்சளிப்பது பல குழந்தைகளுக்கு உண்டு. காரணம், சிவப்பணுக்கள் அதிகம், கல்லீரல் நொதி இன்னும் முதிரவில்லை. மஞ்சள் ஏறினால் ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் படுக்கவைப்பார்கள். அந்த ஒளி பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தையே மாற்றி, குளுகுரோனிக் அமிலம் சேராமலேயே வெளியேற வைக்கிறது. வீட்டு வாசலில் காட்டும் காலை வெயில் அதற்கு ஈடாகாது. முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சளித்தால் அது அவசர நிலை.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் போகவில்லை, மலம் வெளுப்பு, சிறுநீர் துணியில் மஞ்சள் கறையாகப் படிகிறது என்றால், பித்தக்குழாயே அடைபட்டிருக்கலாம். அதற்கான, ‘கசாய்’ எனப்படும் அறுவைச் சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். ‘வெயிலில் காட்டு, சரியாகிவிடும்’ என்று காத்திருக்கும் நாட்கள் அந்தக் கணக்கில்தான் கழிகின்றன. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிரசவமாகி வீடு திரும்பிய தாய்மார்கள் இதைக் கண்டால், அந்தத் துணியை அலசாமல் அப்படியே கையில் எடுத்துக்கொண்டு அன்றே குழந்தை டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.