இருட்டில் ஒளிரும் கடல்: அந்தமானில் இரவுத் துடுப்புப் படகும் நுண்ணுயிர்களும்

பூஜா விடுமுறை வந்துவிட்டால் பாலிகஞ்ச், லேக் மார்க்கெட் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் முன்பெல்லாம் பூரிக்கோ டார்ஜிலிங்குக்கோ போவார்கள். இல்லையென்றால் ஹவுரா மெயிலைப் பிடித்து ஊருக்குப் போவார்கள். இப்போது அந்தப் பட்டியலில் அந்தமானும் சேர்ந்துவிட்டது. போய் வந்தவர்கள் செல்லுலார் சிறையைப் பற்றிச் சொல்வார்கள், ராதாநகர் கடற்கரையைப் பற்றிச் சொல்வார்கள். அண்மைக் காலமாக இன்னொன்றையும் சொல்கிறார்கள். இரவில் சிறு படகில் ஏறித் துடுப்புப் போட்டால், துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் ஒளிர்கிறதாம். "எப்படி?" என்று கேட்டால், "ஏதோ பாஸ்பரஸ்னு சொன்னாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

அது பாஸ்பரஸ் அல்ல, உயிர். அந்த உயிர் எது, ஏன் ஒளிர்கிறது, அதைப் பார்க்கப் போகும் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை நம் குடும்பங்களுக்கு விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் கடை நடத்திப் பிழைப்பவன்; கல்லூரியில் விலங்கியல் படித்தவன் அல்லன். கடை விடுமுறை நாட்களில் அலிப்பூர் தேசிய நூலகத்தில் படித்ததையும், ஒரு முறை நேரில் பார்த்ததையும் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஒளிர்வது யார்?

உயிர்கள் தம் உடலிலேயே ஒளியை உண்டாக்குவதற்கு உயிரொளிர்வு என்று பெயர். நமக்குத் தெரிந்த உதாரணம் மின்மினி. வங்காளிகள் ஜோனாகி என்பார்களே, அதுதான். கடலில் இந்த வித்தையைச் செய்பவை பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட் எனப்படும் ஒற்றைச் செல் உயிர்கள். "டைனோ" என்றால் கிரேக்க மொழியில் சுழல்வது, "ஃபிளாஜெல்லம்" என்றால் லத்தீனில் சாட்டை. சாட்டை போன்ற இழைகளால் சுழன்று சுழன்று நீந்துவதால் இந்தப் பெயர்.

இவற்றில் பேர்பெற்றது நாக்டிலூகா. லத்தீனில் "இரவு விளக்கு" என்று பொருள்படும். ஒரே செல்தான் என்றாலும் இரண்டு மில்லிமீட்டர் வரை வளரும். ஒரு கசகசா மணி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பலூன் போல உருண்டையாக நீரில் மிதக்கும்.

ஒளி வருகிற விதம் இதுதான். செல்லுக்குள் லூசிஃபெரின் என்ற பொருளும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் இருக்கின்றன. முதலாவது விளக்கெண்ணெய் என்றால் இரண்டாவது தீக்குச்சி. 1880களில் பிரெஞ்சு விஞ்ஞானி ரஃபேல் துபுவா இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். துடுப்போ அலையோ மீனோ நீரை அசைத்தால் செல்லின் மேற்சவ்வு அழுத்தத்தை உணர்கிறது. உடனே உள்ளே அமிலத்தன்மை கூடுகிறது. அந்த மாற்றத்தில் நொதி விழித்துக்கொள்ள, லூசிஃபெரின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீல ஒளியாகப் பளிச்சிடுகிறது. ஒரு பளிச்சு ஏறத்தாழ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரந்தான். சூடு ஏறக்குறைய இல்லை. ஆகவே இதைக் குளிர் ஒளி என்பார்கள்.

மின்மினியிலும் இதே முறைதான். ஆனால் அதன் லூசிஃபெரின் வேறு, கடலுயிரின் லூசிஃபெரின் வேறு. இயற்கை ஒரே யோசனையைப் பல தடவை தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நீல நிறம் ஏன்? கடல் நீரில் சிவப்பு சீக்கிரம் மங்கிவிடும். நீலந்தான் நெடுந்தூரம் போகும். சரி, ஒளிர்வதால் அதற்கு என்ன லாபம்? வியாபாரி புத்தியில் எனக்கு முதலில் எழுந்த கேள்வி அது. இந்த நுண்ணுயிரைத் தின்ன வரும் சிறு பூச்சி போன்ற உயிர்கள், திடீர் வெளிச்சத்தில் திடுக்கிட்டு விலகும் என்கிறார்கள். இன்னொரு விளக்கமும் உண்டு. திருடன் நுழைந்ததும் விளக்கைப் போட்டுக் கூச்சலிட்டால் தெருவே கூடிவிடும் அல்லவா? அதுபோல அந்த வெளிச்சம் தின்ன வந்தவனை அவனைத் தின்னும் மீனுக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஹேவ்லாக்கில் ஓர் இரவு

நம் நாட்டில் இதைப் படகிலிருந்து பார்க்க வழிகாட்டியுடன் ஏற்பாடு இருக்கும் இடங்களில் முக்கியமானது அந்தமானின் ஹேவ்லாக் தீவு. 2018 டிசம்பரில் இதற்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பேச்சில் பழைய பெயர்கள்தான் இன்னும் ஓடுகின்றன. ஹேவ்லாக் மக்களில் பெரும்பாலோர் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியினர். நம் பிள்ளைகளின் வங்காளி அங்கே கைகொடுக்கும். தமிழும் அந்தமானுக்குப் புதிதல்ல; அங்கே தாய்மொழிக் கணக்கில் வங்காளி, இந்திக்கு அடுத்த இடம் தமிழுக்கு.

நாங்கள் ஒரு தை மாத அமாவாசையை ஒட்டிப் போனோம். மகன், மருமகள், பத்து வயதுப் பேரன், நான். மருமகளுக்கு முதலில் சம்மதமில்லை. "பகல்லயே கடல்னா பயம், ராத்திரியிலயா மாமா?" என்றாள். அவள் பயத்தில் நியாயம் இருந்தது. 2022 மே மாதம் நம் வீட்டருகே ரவீந்திர சரோபரில், கால்பைசாகிப் புயற்காற்றில் படகு கவிழ்ந்து, துடுப்புப் பயிற்சியில் இருந்த இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இறந்துபோனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆகவே உயிர்காப்புச் சட்டை உண்டா, துணைக்கு எத்தனை பேர் வருவார்கள், முதலை பற்றிய செய்தி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்டினோம்.

படகின் பெயர் கயாக். வட துருவப் பக்கத்து இனுயிட் மக்கள் மரச் சட்டத்தின்மேல் சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு அது. இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. சமணக் குடும்பத்தவனான எனக்கு அது நிம்மதியாயிற்று. இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, இரு முனையிலும் தட்டையான துடுப்பை இடமும் வலமும் மாற்றிப் போட வேண்டும். மோட்டார் இல்லாததால் சத்தமும் எண்ணெயும் இல்லை.

எங்கள் வீடுகளில் சூரியன் மறைந்த பின் சாப்பாடு கிடையாது. அந்தமான் நம் நாட்டுக் கடிகாரக் கோட்டுக்குப் பத்து பாகைக்கும் மேல் கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால் அங்கே சூரியன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. குளிர்காலத்தில் ஐந்து மணி சுமாருக்கே அஸ்தமனம். நாலரை மணிக்கே சாப்பிட்டு முடித்துவிட்டேன்!

அலையாத்திக் காட்டை ஒட்டிய அமைதியான நீரில் போனோம். வழிகாட்டி முதலில் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண். பிறகு துடுப்பை நீரில் இறக்கியதும், சாம்பல் கலந்த வெள்ளியைப் பொடி செய்து தூவியது போல ஒரு வளையம் எழுந்து மறைந்தது. கையை விட்டால் விரலிடுக்கில் பொறி. படகைக் கண்டு மிரண்டு ஓடிய மீன் ஒவ்வொன்றும் ஒரு ஒளிக்கோடு போட்டுக்கொண்டு போயிற்று. மீனை நாங்கள் பார்க்கவில்லை, அது போன வழியைத்தான் பார்த்தோம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புகைப்படங்களில் வருகிற அடர் நீலம் நம் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. காமிரா பல நொடி ஒளியைச் சேர்த்து வைத்து நிறம் காட்டுகிறது. படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாற வேண்டாம்.

செடியா, பூச்சியா?

பேரன் அதற்குத் "தண்ணி ஜோனாகி" என்று பெயர் வைத்தான். அடுத்துக் கேட்டான்: "தாத்தா, இது செடியா, பூச்சியா?"

நல்ல கேள்வி. இரண்டும் இல்லை என்பதே பதில். டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் பாதியளவு செடியைப் போல வெயிலில் உணவு சமைக்கின்றன. மற்றவை பிறவற்றைத் தின்கின்றன. நாக்டிலூகா தின்னும் வகை. ஆனால் நம் வெப்பக் கடல்களில் காணும் பச்சை நாக்டிலூகா, தன் வயிற்றுக்குள் பச்சைப் பாசியைக் குடிவைத்து, அது சமைப்பதிலும் பங்கு வாங்கிக்கொள்கிறது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவு, அதாவது தொடுவுணர்வு மட்டும் உள்ளவை, நத்தை முதலியன ஈரறிவு, எறும்பு மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு என்று அந்த ஏணி மேலேறும். சமண நூலான தத்துவார்த்த சூத்திரத்திலும் இதையொத்த ஏணி உண்டு. கண்ணுக்குத் தெரியாத நிகோத உயிர்கள் எங்கும் நிறைந்துள்ளன என்பதும் சமணக் கொள்கை. நீரை வடிகட்டிக் குடிப்பதும், விளக்கில் பூச்சி விழும் என்று இரவுணவைத் தவிர்ப்பதும் அதையொட்டிய வழக்கங்கள். நம் முன்னோர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் தொட்டால் உணரும், உணர்ந்தால் ஒளிரும் ஒற்றைச் செல்லைப் பார்த்தபோது, தொடுவுணர்வையே உயிரின் முதற்படியாக வைத்தவர்களின் கருத்து எனக்குப் புதிதாக விளங்கிற்று.

அப்படியானால் துடுப்புப் போட்டு அவற்றை வருத்துகிறோமா? நானும் யோசித்தேன். அலையும் மீனும் இரவெல்லாம் அவற்றைத் தட்டி எழுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. மெதுவாகப் போகும் துடுப்பு அதற்குமேல் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. கெடுதல் வேறு வழியில் வருகிறது.

அழகே அறிகுறியாகும்போது

2019 ஆகஸ்டில் சென்னைத் திருவான்மியூர்ப் பக்கம் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததும், 2024 அக்டோபரில் நீலாங்கரை முதலிய கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதியில் மறுபடி ஒளிர்ந்ததும், ஊரே திரண்டு போய்ப் பார்த்ததும் பலருக்கு நினைவிருக்கும். கொஞ்சமாக இருந்தால் அது இயற்கையின் விளையாட்டு. மிதமிஞ்சிப் பெருகினால் கதை வேறு.

2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மன்னார் வளைகுடாவில், மண்டபம் பக்கம், நாக்டிலூகா பெருகிக் கடல் பச்சையாயிற்று. அவ்வளவு உயிரும் செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மீன்கள் செத்து ஒதுங்கின. சிங்கிள் தீவை ஒட்டிய பவளப் பாறைகளில் ஒரு பகுதி மாண்டது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதை ஆராய்ந்து 2020ல் வெளியிட்டார்கள். நகரச் சாக்கடையும் வயல் உரமும் கடலில் கலந்து ஊட்டம் மிகுவது இத்தகைய பெருக்கங்களுக்குத் துணைபோகும் காரணங்களில் ஒன்று. ஆகவே கடல் ஒளிர்ந்தாலே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது.

மறுபக்கமும் உண்டு. உலகிலேயே மிகப் பிரகாசமானது எனப் பெயர்பெற்றது போர்ட்டோ ரிக்கோவின் வியேகஸ் தீவிலுள்ள மஸ்கிட்டோ வளைகுடா. அங்கே நீரில் இறங்கிக் குளிப்பதைத் தடைசெய்துவிட்டு, கயாக் போன்ற படகில் மட்டும் அழைத்துப் போகிறார்கள். உடம்பில் பூசும் கிரீமும் கொசு மருந்தும் அந்த நுண்ணுயிர்களுக்கு ஆகாது. அலையாத்தி மரங்கள் உதிர்க்கும் இலையின் சத்தே அவற்றுக்கு ஆதாரம். மரத்தை வெட்டி விடுதி கட்டி, விடிய விடிய விளக்கெரித்தால் பார்க்க எதுவும் மிஞ்சாது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள்

நாள் பார்ப்பது முக்கியம். காலண்டரை எடுங்கள். தேய்பிறை சப்தமி முதல் வளர்பிறை திருதியை வரை முன்னிரவு நல்ல இருட்டாக இருக்கும். பௌர்ணமியில் போனால் நிலாவைத்தான் பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் கொந்தளிப்பும் மிகுதி, தவிர்த்துவிடுங்கள்.

உயிர்காப்புச் சட்டை போடாமல் படகில் கால் வைக்காதீர்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். காற்றடித்தால் வழிகாட்டி "வேண்டாம்" என்பார். பணம் போனாலும் அந்தச் சொல்லைக் கேளுங்கள். அந்தமான் நீரில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010ல் ஹேவ்லாக்கில் ராதாநகர்ப் பக்கம் ஓர் அமெரிக்கப் பெண்மணி முதலைக்கு இரையானார். முதலை தென்பட்டால் நிர்வாகம் கடற்கரையை மூடுவது வழக்கம். போகும் அன்றைக்கே நிலைமையை விசாரியுங்கள். வழிகாட்டி இல்லாமல் தனியாகப் போகவே போகாதீர்கள்.

கையில், முகத்தில் எதையும் பூசிக்கொண்டு போக வேண்டாம். முழுக்கைச் சட்டையே போதும். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வராதீர்கள். அறைக்குள் ஒளிரும் என்று பிள்ளைகள் ஆசைப்படும், விடிவதற்குள் அத்தனையும் செத்துப்போகும். பவளம் எடுத்து வருவது சட்டப்படியே குற்றம்.

போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு "ஏதோ பாஸ்பரஸ்" என்று சொல்லி முடிக்காமல், அது ஓர் உயிர், தொட்டால் உணர்கிறது, ஆகவே மெல்லத் தொட வேண்டும் என்று தமிழிலேயே சொல்லிக் கொடுங்கள். வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அறிவியலும் தமிழும் ஒரே இரவில் கிடைக்கும்.