மலைநாட்டு மரப்பன்னங்கள்: இனங்காணலும் பாகுபாடும்

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தேயிலை மலைகளை ஊடறுத்துச் செல்லும் ஓடைப் பள்ளங்களில், குடை விரித்தாற்போல் இலைகளைப் பரப்பி நிற்கும் மரப்பன்னங்களைக் காணாதார் இலர். சிங்கள மக்கள் இவற்றைக் 'கினிஹொட்ட' என்பர். எனினும் இப்பொதுப்பெயருள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கியுள்ளன. கிரினிற்றா, வோக்கரே, ஹூக்கேரி, ஜைகான்ரியா, சினுவாற்றா முதலிய இலங்கை இனங்கள் நெடுங்காலம் சயத்தியா என்னும் ஒரே சாதியுள் வைத்து எண்ணப்பட்டன. அவ்வொருமை இன்று நிலைபெறவில்லை.

இவ்வினங்களைத் துணிவதிலுள்ள இடர்ப்பாடு அவற்றின் பருமனிலிருந்தே தொடங்குகின்றது. சிறு பூண்டொன்றை வேரோடு பிடுங்கி ஒரு தாளில் அடக்கிவிடலாம். மரப்பன்னத்தின் ஓரிலையோ ஆளுயரத்தை விஞ்சக்கூடியது. ஆகவே பழைய சேகரிப்பாளர் பலர் இலையின் ஒரு துண்டை மட்டும் வெட்டி உலர்த்தினர். ஆனால் தலையாய சான்று இலைக்காம்பின் அடியிலும் குருத்தைச் சூழ்ந்தும் காணப்படும் செதில்களிலன்றோ உள்ளது! எளிதிற் கிடைத்தது தாளிலேறியது; இன்றியமையாதது காட்டிலேயே விடப்பட்டது.

இதனுடன் வேறொரு சிக்கலும் சேர்ந்தது. பேராதனைப் பூங்காவை 1849 முதல் 1880 வரை நிருவகித்த துவெயிற்ஸ், தம் மாதிரிகளுக்குச் 'சி. பி.' எண்களை வழங்கினார். ஒரே இனமெனத் தாம் கருதியவை வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்டனவாயினும் அவற்றுக்கு ஒரே எண்ணை இட்டார். அம்மாதிரிகள் பகுக்கப்பட்டு ஐரோப்பிய நிலையங்களுக்கு அனுப்பப்பட்டன. ஓரெண்ணின் கீழ் இரண்டு இனங்கள் கலந்துவிட்டால், ஓரிடத்து அறிஞர் ஒன்றையும் மற்றோரிடத்தார் பிறிதொன்றையும் அதே பெயரால் அறிய நேரும். எடுக்கப்பட்ட காடு பின்னர் கோப்பிக்கோ தேயிலைக்கோ அழிக்கப்பட்டிருப்பின், திரும்பச் சென்று ஒப்புநோக்கவும் வழியில்லை.

செதிலின் முதன்மையை 1961இல் ஹோல்ட்டமும் சென்னும் வற்புறுத்தினர். 1970இல் டிரையன் அதனை அடிப்படையாகக் கொண்டு குடும்பத்தையே மறுசீரமைத்தார். ஒரு செதிலை உதிர்த்து நுணுக்குக்காட்டியில் நோக்கின், அதன் கலங்கள் யாவும் ஒரே தன்மையனவாயின் அது இசுபெரொத்தெரிசு என்னும் சாதி. ஓரக் கலங்கள் நடுக்கலங்களினின்றும் வேறுபட்டு, செதிலின் நுனியில் கரிய முள்மயிரொன்று இருப்பின் அது அல்சோபிலா. இவ்வாறே கிரினிற்றா முன்னதற்கும், வோக்கரே, ஹூக்கேரி என்பன பின்னதற்கும் உரியனவாயின. இலையின் கீழ்ப்புறத்து வித்திக்கலன் குவைகளை மூடும் படலமும் துணைச்சான்றாகும். கருமையாய்ப் பளபளக்கும் காம்புடைய ஜைகான்ரியாவில் அப்படலம் இல்லையென்றே கூறலாம்.

புறத்தோற்றத்தை மட்டும் நம்புவோரைச் சினுவாற்றா எளிதில் ஏமாற்றிவிடும். சிங்கராஜா போன்ற தாழ்நில மழைக்காடுகளில் வாழும் இதன் இலை, பிளவேதுமின்றி நீண்ட பட்டைபோல் அமைந்தது. மரப்பன்னமென்று எவரும் முதற் பார்வையில் கொள்ளார். ஆயினும் இதுவும் அல்சோபிலாவே.

வோக்கரே என்ற பெயர் 1830களில் இலங்கையில் தாவரங்களைச் சேகரித்தும் வரைந்தும் வந்த வோக்கர் சீமாட்டியை நினைவூட்டுகின்றது. அவர் சென்ற மலைகளில் பாதை வெட்டியோர், சுமை தூக்கியோர் எவர் பெயரும் எந்தப் பன்னத்துக்கும் இடப்படவில்லை. பின்னர் 1873இல் யோசப் ஹூக்கரின் அறிவுரைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பது தடுக்கப்பட்டமையால் உயர்மலைப் பன்னங்கள் ஓரளவு பிழைத்தன. அதற்குக் கீழே தேயிலை பரந்த மலைகளில் எஞ்சியவற்றுக்கு ஓடைக்கரைகளே புகலிடம். அக்கரைகளைத் துப்புரவாக்கும்போது அழிவது எவ்வினம் என்பதைச் செதிலைப் பாராமல் எவரும் கூறவியலாது. மரப்பன்னங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிசு உடன்படிக்கையும் இவ்வின அறிவையே வேண்டி நிற்கின்றது.

சேகரிக்க விழையும் மாணவர் தண்டை வெட்டலாகாது. உச்சியிலுள்ள ஒரே குருத்து அழிந்தால் தாவரம் மடியும். முதிர்ந்த இலையொன்றின் காம்படிச் செதில்கள், குவைகளுடன் கூடிய நடுச்சிற்றிலையொன்று, தண்டின் உயரம், இடத்தின் உயரம், ஒரு நிழற்படம் ஆகியன போதுமானவை. 1861இல் சின்கோனாவுக்கென நிறுவப்பட்ட ஹக்கலைப் பூங்காவில் மரப்பன்னங்கள் வளர்க்கப்படுகின்றன. பயிலத் தொடங்குவோர் கைவில்லையொன்றுடன் அங்கே சென்று, ஓரிலையையும் வெட்டாமலே காம்படிகளை ஒப்புநோக்கலாம்.