மூன்று கட்டங்களில் ஒரு கதை

காலையில் நாளிதழ் வந்ததும் அத்தாவுக்கு முன்பாகப் பிள்ளைகள் அதை எடுத்துப் புரட்டுவது எதற்காக என்பதை நீங்கள் அறிவீர்கள். படக்கதைக்காகத்தான்! 'தினத்தந்தி'யில் 1960-ஆம் ஆண்டு தொடங்கிய 'கன்னித்தீவு', பல தலைமுறைப் பிள்ளைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தூண்டியது.

அதன் நாயகன் சிந்துபாத்தின் பெயர், ஏழு கடற்பயணங்கள் மேற்கொண்ட அரபுக் கதை வணிகனின் பெயரே. அந்த அரபுக் கதையில், பயணங்கள் முடிந்து பக்தாத் திரும்பிய சிந்துபாத், விருந்தினர் நடுவே அமர்ந்து நிதானமாகத் தன் கதையைச் சொல்கிறான். நாளுக்குச் சில கட்டங்களே பெறும் படக்கதைக்கு அந்த வசதி ஏது? 1937-இல் அமெரிக்காவில் ஹால் ஃபாஸ்டர் தொடங்கிய 'பிரின்ஸ் வேலியண்ட்' பேச்சுக் குமிழ்களே இன்றி, விவரிப்பு வரிகளாலேயே நடந்தது. அது வாரம் ஒருமுறை வரும் பெரிய பக்கத்தில் வெளிவந்த கதை. சிறிய படக்கதையிலோ ஒவ்வொரு சொல்லும் தன் இடத்திற்குத் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். பழனியை அடுத்த பாலசமுத்திரத்தின் கடைத்தெருவில், பள்ளிச் சிறுவன் ஒருவன் கீழே கிடந்த பணப்பையை எடுக்கிறான். இது முதல் கட்டம். மேலே, "சிறுவன் பணப்பையை எடுத்தான்" என்று எழுதுவது வீண். படமே அதைச் சொல்லிவிட்டது. "நாளை கட்டணம் செலுத்தக் கடைசி நாள்" என்று எழுதிப் பாருங்கள். அவன் உள்ளத்துப் போராட்டம் முழுவதும் அந்த ஒரு வரியில் வந்துவிடும்.

இரண்டாம் கட்டத்தில், இருளில் உறங்காமல் விழித்திருக்கும் சிறுவன். "சவூதியிலிருந்து அத்தாவின் பணம் வர இன்னும் பத்து நாட்கள்" என்பது விவரிப்பு. காலத்தையும் காரணத்தையும் படத்தால் காட்ட இயலாது. அங்கேதான் சொல் தேவைப்படுகிறது.

மூன்றாம் கட்டத்தில், ஒரு மூதாட்டியின் வாசலில் நின்று பணப்பையை நீட்டுகிறான். "நேர்மையே உயர்ந்தது" என்று அங்கே எழுத உங்கள் கை துடிக்கும். வேண்டாம்! அவ்வாறு எழுதினால், பிள்ளை தானே உணர வேண்டியதை நாம் பறித்துக்கொள்கிறோம். அந்தக் கட்டம் மௌனமாகவே இருக்கட்டும்.

உங்கள் பிள்ளைகள் படக்கதை வரைந்து காட்டினால், ஒவ்வொரு விவரிப்பு வரியையும் விரலால் மறைத்துப் படிக்கச் சொல்லுங்கள். மறைத்த பின்னும் கதை குறைவின்றி விளங்குகிறதா? அப்படியாயின் அந்த வரி தேவையில்லை. குறைகிறதா? அதுவே நிலைக்க வேண்டிய வரி. எதைச் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இவ்வாறு தாமே கற்றுக்கொள்வார்கள்.