காபியையும் கணக்கில் சொல்லுங்கள்

புறநோயாளிகளிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, "என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறீர்கள்?" என்பது. சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, தைராய்டு மாத்திரை, கைமருந்து என அனைத்தையும் சொல்வார்கள். அவற்றை எதனோடு விழுங்கினார்கள் என்பதை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. கேட்டால், "காபிதானுங்க" என்று பதில் வரும்.

அந்தக் காபியைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம். காபியை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்காக அன்று; பெரும்பாலானோர் விட வேண்டியதில்லை. எந்தக் கொட்டை, எப்படி இறக்கியது, எத்தனை தம்ளர், எந்த நேரம் என்ற நான்கையும் அறிந்து குடித்தால் காபியும் நன்மை தரும்; மருந்தும் வேலை செய்யும்.

கொட்டையும் சிக்கரியும்

காபி நம் பகுதிக்குப் புதியதன்று. சேர்வராயன் மலையில் காபிப் பயிரைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். நம் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் மிளகுக் கொடி படர்ந்த மரங்களின் நிழலில் காபி விளைகிறது.

கடைகளில் கிடைக்கும் கொட்டைகள் இரண்டு இனங்களைச் சேர்ந்தவை. மணமும் மென்மையும் உடையது அராபிகா. கசப்பும் அழுத்தமும் கூடியது ரொபஸ்டா. பலர் விரும்பிக் கேட்கும் 'பீபெரி' தனி இனம் அன்று. பழத்தினுள் வழக்கமாக இருக்கும் இரண்டு தட்டை விதைகளுக்குப் பதிலாக ஒரே உருண்டை விதை இருந்தால் அதுவே பீபெரி.

நம்மை விழிக்கச் செய்யும் பொருளுக்குக் கஃபீன் என்று பெயர். அராபிகாவில் ஏறத்தாழ 1.2 சதவீதமும் ரொபஸ்டாவில் ஏறத்தாழ 2.2 சதவீதமும் கஃபீன் உண்டு. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூள். அதில் கஃபீன் இல்லை. ஆனால் டிகாஷனுக்குக் கறுப்பு நிறத்தையும் கெட்டித் தன்மையையும் அது கொடுத்துவிடும்.

ஆகவே நிறத்தைப் பார்த்துக் காபியின் வலுவை அளக்க இயலாது. 30 சதவீதம் சிக்கரி கலந்த அராபிகாத் தூள் 10 கிராமில் சுமார் 84 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். சிக்கரி கலவாத ரொபஸ்டாத் தூள் அதே 10 கிராமில் 220 மில்லிகிராம் இருக்கும். "ஒரு தம்ளர்தான் குடிக்கிறேன்" என்று இருவர் சொன்னாலும் இருவர் உடலுக்குள்ளும் போவது ஒன்றன்று. காபித்தூள் பொட்டலத்தின் மேல் காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அடுத்த முறை வாங்கும்போது அதைப் படித்துப் பாருங்கள்.

பில்டரும் எஸ்பிரசோவும்

நம் வீட்டுப் பில்டரில் மேல் பாத்திரத்துத் தூளின் மீது கொதிநீரை ஊற்றி வைக்கிறோம். நீர் தன் எடையாலேயே கசிந்து, பத்துப் பதினைந்து நிமிடங்களில் டிகாஷனாக இறங்குகிறது. அண்மைக் காலமாகச் சில வீடுகளில் எஸ்பிரசோ இயந்திரமும் வந்திருக்கிறது. அது 90 டிகிரிக்கு மேல் சூடான நீரை, காற்றழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில், நன்கு அரைத்த தூளினூடே அரை நிமிடத்திற்குள் செலுத்துகிறது. இறங்குவது 30 மில்லி மட்டுமே.

எஸ்பிரசோ நாக்குக்குக் கடுமையாக இருப்பதால், அதில் கஃபீனும் மிகுதி என்று பலர் அஞ்சுகிறார்கள். ஒரு சிறு கோப்பையில் இருப்பது சுமார் 60 மில்லிகிராம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, இறக்கிய காபி 150 மில்லியில் 80 முதல் 120 மில்லிகிராமும், உடனடிக் காபியில் 50 முதல் 65 மில்லிகிராமும், ஒரு முறைத் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் உள்ளன. எனினும் இயந்திரம் வீட்டில் இருக்கும்போது ஒரு கோப்பையோடு நிறுத்துவோர் குறைவு. இரட்டை அளவு இறக்கினால் கணக்கும் இரட்டிக்கும்.

கொழுப்பு மிகுந்தோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. இது இரத்தத்தில் கெட்ட கொழுப்பை உயர்த்த வல்லது. வடிதாள் இதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். உலோகத் துளைகள் அவ்வளவாகத் தடுப்பதில்லை. தூளை நீரில் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டாமல் குடிக்கும் காபியில் இது மிகுதி. நாளுக்கு ஓரிரு தம்ளர் குடிப்போர் கவலைப்பட வேண்டியதில்லை. நான்கைந்து குடிப்பவருக்கு மருந்துக்குப் பின்னும் கொழுப்பு குறையாவிட்டால், இதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரைக்கும் காபிக்கும் இடைவெளி

தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டுமே விழுங்க வேண்டும். காபியோடு விழுங்கினால் குடல் அதை முழுமையாக உறிஞ்சாது. பரிசோதனையில் அளவு சரியாக வராது. மருத்துவரும் மாத்திரையின் வீரியத்தைக் கூட்டுவார். பிழை மாத்திரையில் இல்லை, அதனோடு குடித்த காபியில் இருக்கிறது. மாத்திரைக்குப் பின் குறைந்தது அரை மணி, இயன்றால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். இதுவரை காபியோடு விழுங்கியவர்கள் பழக்கத்தை மாற்றும்போது மருத்துவரிடம் தெரிவியுங்கள்; மாத்திரை அளவைத் திருத்த நேரலாம்.

எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட் மாத்திரைக்கும் தண்ணீர் மட்டுமே துணை. சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, கஃபீன் உடலைவிட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். அம்மருந்து சாப்பிடும் நாட்களில் வழக்கமான காபியே படபடப்பையும் தூக்கமின்மையையும் தரலாம். பாலும் அம்மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

இரத்தசோகை உள்ள பெண்களுக்கு

2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி, தவறாமல் விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை என்று வருந்துவோரை நாங்கள் காண்கிறோம். அவர்களுள் சிலர் மாத்திரையைக் காலைக் காபியோடு விழுங்கியிருப்பார்கள்.

காபியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு குடலில் சேரவிடாமல் செய்கின்றன. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், உணவோடு காபி குடித்தவர்களுக்கு இரும்புச்சத்து சேர்வது 39 சதவீதம் குறைந்தது. உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதும் அதே அளவு குறைந்தது. ஒரு மணி நேரம் முன்னதாகக் குடித்தபோது குறையவில்லை. ஆகவே உணவுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணி நேரம் முன்னதாகவோ, இரண்டு மணி நேரம் கழித்தோ காபியை வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்பு சேர உதவும்.

அறுவை சிகிச்சைக்கு முன்

இது நோயாளியின் உடனிருப்போருக்கு. இரவு முழுதும் வயிறு காய்ந்து கிடப்பவரைப் பார்த்து மனம் இரங்கி, விடியற்காலையில் அரைத் தம்ளர் காபி வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. பால் கலந்த காபி தண்ணீரைப் போன்றதன்று. அது உணவாகவே கொள்ளப்படும். வயிற்றைவிட்டு நீங்க அதற்கு ஆறு மணி நேரம் வரை ஆகலாம். மயக்க மருந்து கொடுத்தபின் அது மேலேறி நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கொடுத்துவிட்டால் உடனே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். சிகிச்சை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே. யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். மறைப்பதுதான் ஆபத்து.

நாள்தோறும் காபி குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலி வரக்கூடும். அறுவை சிகிச்சை நாள் முன்பே குறித்திருந்தால், ஒரு வாரம் முன்னிருந்தே அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள்.

வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனைக்கு வருவோர் சர்க்கரை இல்லாத காபியும் குடிக்கலாகாது. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முந்திய அரை மணி நேரமும் காபியைத் தவிர்க்கவும். சிறுநீரக நோய்க்காக நீரளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்கள், குடிக்கும் காபியையும் அந்த அளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு குடிக்கலாம்?

நலமாக உள்ள பெரியவர்கள் நாளுக்கு 300 மில்லிகிராம் கஃபீனைத் தாண்ட வேண்டாம் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. அது சுமார் மூன்று சிறு தம்ளர் இறக்கிய காபி. தேநீரையும் சேர்த்தே எண்ண வேண்டும். கருவுற்ற பெண்கள் 200 மில்லிகிராமுக்குள் நிறுத்துவது நல்லது. கர்ப்ப காலத்தின் இறுதி மாதங்களில் கஃபீன் உடலைவிட்டு நீங்க வழக்கத்தைவிட நெடுநேரம் ஆகும்.

சர்க்கரை நோயாளிகளுக்குக் காபியைவிட அதில் போடும் சர்க்கரையே பெரிய கணக்கு. தம்ளருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நான்கு முறை குடித்தால் 40 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது.

இரவுப் பணியில் விசைத்தறி ஓட்டுவோருக்கு ஒரு சொல். குடித்த கஃபீனில் பாதி நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். விடியற்காலை நான்கு மணிக்குக் குடித்த காபி, காலை ஒன்பது மணிக்கு நீங்கள் படுக்கும்போதும் பாதி உடலில் இருக்கும். பணியின் முதற்பாதியிலேயே காபியை முடித்துக்கொண்டால் பகல் உறக்கம் கெடாது.

அடுத்த முறை எங்களிடம் வரும்போது மருந்துச் சீட்டின் பின்புறம் மூன்று செய்திகளை எழுதி வாருங்கள்: நாளுக்கு எத்தனை தம்ளர், எந்தெந்த நேரம், சிக்கரி கலந்ததா கலவாததா. மாத்திரையைக் கூட்டுவதா, காபி நேரத்தை மாற்றினால் போதுமா என்று முடிவுசெய்ய அந்த மூன்று வரிகள் எங்களுக்குப் பெரிதும் உதவும்.