சந்தேகம் ஒண்ணு, இங்கிலீஷ் ரெண்டு

'சந்தேகத்தின் பேரில் ஒருவர் கைது.' 'சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுதலை செய்தது.' தமிழ்ப் பேப்பரில் இந்த ரெண்டு வரியும் அடிக்கடி கண்ணில் படும். ரெண்டிலும் அதே சந்தேகம்தான். ஆனால் முதல் சந்தேகம் ஆளை உள்ளே தள்ளுகிறது, அடுத்தது வெளியே விடுகிறது. இங்கிலீஷில் முதலாவது சஸ்பெக்ட், ரெண்டாவது டவுட்.

நம்மில் பலருக்கு டவுட்தான் சின்ன வயசிலிருந்து பழக்கம். 'எனி டவுட்ஸ்?' என்று கேட்காத வாத்தியார் உண்டா? சஸ்பெக்ட் என்றால் போலீஸ், திருடன், துப்பறியும் கதை. அதனால் 'சந்தேகப்படுறேன்' என்று மனசுக்குள் ஓடினாலே, வாயில் 'ஐ டவுட்' என்று வந்துவிடுகிறது. ஊரில் இருந்தவரை இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, கேட்கிறவருக்கும் அதே இங்கிலீஷ்தானே. வெளிநாட்டில் அப்படி இல்லை.

ஒரு அம்மா ஸ்கூலுக்கு ஈமெயில் எழுதுகிறார் என்று வச்சுக்குவோம். 'என் பையனை கிளாஸில் யாரோ மிரட்டுறாங்கன்னு சந்தேகப்படுறேன்' என்பது அவர் சொல்ல வந்தது. எழுதியதோ, 'ஐ டவுட் மை சன் இஸ் பீயிங் புல்லீட்'. இதைப் படிக்கிற டீச்சருக்குக் கிடைக்கும் அர்த்தம்: 'என் பையனை யாரும் மிரட்டுற மாதிரி எனக்குத் தோணலை.' கொஞ்சம் வித்தியாசம் இல்லை, தலைகீழ். நேரில் பேசினால் முகத்தைப் பார்த்தாவது டீச்சர் திருப்பிக் கேட்பார். ஈமெயிலில் முகம் ஏது? 'அம்மாவே இல்லைன்னு சொல்லிட்டாங்க' என்று அதோடு விட்டுவிடலாம். அங்கே வரவேண்டிய வார்த்தை சஸ்பெக்ட். டாக்டருக்கு போன் பண்ணி, குழந்தைக்குக் காதில் இன்ஃபெக்‌ஷன் இருக்குமோ என்று சொல்லும்போதும் இதே கதைதான்.

இதற்காக இலக்கணப் புத்தகத்தைத் தேட வேண்டாம். வித்தியாசம் நம்ம தமிழிலேயே இருக்கிறது, ஆனால் வினைச்சொல்லில் இல்லை, அதுக்கு முன்னாடி வருகிற வால்பகுதியில். 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்.' 'அவன் வருவானாங்கிறது சந்தேகம்தான்.' ரெண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. 'னு' வந்தால் நடந்திருக்கும் என்றே நினைக்கிறோம், அது சஸ்பெக்ட். 'ஆ' வந்தால் நடக்காது என்ற பக்கம் மனசு சாய்கிறது, அது டவுட். நம்ம 'ஆ' கேள்வி எழுத்து, இல்லையா? இங்கிலீஷிலும் டவுட்டுக்குப் பின்னால் 'இஃப்', 'வெதர்' என்ற கேள்விச் சொற்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். சஸ்பெக்ட்டுக்குப் பின்னால் அவை வராது.

நாம் எழுதுவதில் மட்டும் இல்லை, நமக்கு வருகிற கடிதத்திலும் இது முக்கியம். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு 'ஐ டவுட் இட்ஸ் புரோக்கன்' என்றால் பயப்பட வேண்டாம், உடைஞ்சிருக்காது என்கிறார். 'சஸ்பெக்டட் ஃபிராக்சர்' என்று எழுதிக் கொடுத்தால், உடைஞ்சிருக்கலாம், அடுத்த பரிசோதனைக்குப் போங்க என்று அர்த்தம். பிரிட்டனில் குடும்ப டாக்டர் ஒருவரை அவசரமாக ஸ்பெஷலிஸ்ட்டிடம் அனுப்பும்போது 'அர்ஜென்ட் சஸ்பெக்டட் கேன்சர்' என்ற பெயரில் அனுப்புவது உண்டு. அந்த வரியைப் பார்த்ததும் வீடே கலங்கிப் போகும். சஸ்பெக்ட் என்பது தீர்ப்பு இல்லை, சீக்கிரம் பார்த்துடணும் என்பதற்கான காரணம், அவ்வளவுதான். அப்படி அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் கேன்சர் இல்லை என்றுதான் முடிவு வருகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்குக் கடிதத்தைப் படித்துச் சொல்லும்போது, 'டாக்டர் சந்தேகப்படுறார்' என்பதைவிட 'எதுக்கும் பார்த்துடலாம்னு சொல்றார்' என்பது நல்லது.

'ஐ ஹேவ் எ டவுட்' விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். நமக்கு அது ஒரு கேள்வி. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ மீட்டிங்கில் அப்படி ஆரம்பித்தால், 'நீங்க சொல்றதை நான் நம்பலை' என்று கேட்கலாம். 'கொஸ்டின்' என்று சொன்னால் போதும். இது நம்ம ஊர்க் குறை மட்டும் இல்லை. ஸ்பானிஷ்காரர்களுக்கும் 'தூதா' என்றால் கேள்வி, சந்தேகம் ரெண்டும்தான், அவர்களும் இதே இடத்தில்தான் தடுக்குகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை, இங்கிலீஷ்காரர்களே ஒரு காலத்தில் ரெண்டையும் கலந்துதான் பேசினார்கள். டவுட் என்றால் பயப்படு, 'அப்படித்தான் இருக்கும்போல' என்ற அர்த்தமும் அன்றைக்கு இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட், அப்பாவின் ஆவி வந்ததைக் கேள்விப்பட்டதும், ஏதோ சதி நடந்திருக்கிறது என்பதற்கு டவுட் என்றுதான் சொல்கிறான். இன்றைக்கு நாம் அதே மாதிரி எழுதினால் தப்பு, அவன் சொன்னால் இலக்கியம்!

ஸ்காட்லாந்தில் அந்தப் பழைய அர்த்தம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கிளாஸ்கோ, எடின்பரோ பக்கம் இருக்கிறவங்க கவனிங்க. பக்கத்து வீட்டுப் பெரியவர் வானத்தைப் பார்த்து 'ஐ டவுட் இட்'ல் ரெயின்' என்று சொன்னால், கொடியில் காயும் துணியை உடனே உள்ளே எடுத்துடுங்க.